கல்லாவை விட்டு நகர முடியவில்லை, டாக்டர்!

கேள்வி: எனக்கு வயது 44. விருதுநகரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். காலை ஆறு மணிக்குத் திறந்தால் இரவு பத்துக்குத்தான் சாத்துவேன். மனைவி வற்புறுத்தியதால் ரத்தப் பரிசோதனை எடுத்தேன். வெறும் வயிற்றில் சர்க்கரை 112, ஹெச்பிஏ1சி 6.1. "பார்டர்தான், பயப்படாதே" என்கிறார்கள் நண்பர்கள். சோற்றை விடு, சிறுதானியம் சாப்பிடு, ஜிம்முக்குப் போ என்று ஆளாளுக்கு யோசனை வேறு. என் பிழைப்புக்கு ஒத்துவருகிற வழி ஏதாவது இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, சகோதரரே. 'பார்டர்தான்' என்பதை மட்டும் ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய படி. இந்தப் படியில் நிற்கும்போதே கேட்டீர்களே, அதுவே எனக்கு நிம்மதி. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் இப்படி விளிம்பில் நின்ற 531 பேரை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். பொதுவான ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. சாப்பாட்டையும் நடையையும் சீர்செய்தவர்களில் 39 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்த பலனும் கிட்டத்தட்ட அவ்வளவே.

நீங்கள் எழுதாமல் விட்டது டீ. பதினாறு மணி நேரம் கடையில் இருப்பவர் ஐந்தாறு டீயாவது குடிப்பீர்கள். ஒரு கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் என்றால் எட்டு, பத்து கிராம் சர்க்கரை. ஆறு டீக்கு உண்டான சர்க்கரையை ஒருநாள் உங்கள் தராசிலேயே நிறுத்து, பொட்டலம் மடித்துக் கையில் வைத்துப் பாருங்கள். ஐம்பது கிராமை ஒட்டி வரும். நாள் முழுவதற்குமே 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு டீ போதும், அதுவும் சர்க்கரை இல்லாமல். முதல் பத்து நாள் பிடிக்காது, பிறகு பாலின் இனிப்பே நாக்குக்குத் தெரியவரும். கருப்பட்டிக்கு மாறினால் தப்பித்தோம் என்று எண்ண வேண்டாம். ரத்தத்துக்கு அதுவும் சர்க்கரைதான்.

எனக்கு அதிகக் கவலை உங்கள் இரவுச் சாப்பாட்டில். பத்தரை மணிப் பசியில் ஆறு தோசை உள்ளே போவதே தெரியாது. சாப்பிட்ட கையோடு படுக்கை. இரவு ஏற ஏற இன்சுலினின் பேச்சை உடம்பு அவ்வளவாகக் கேட்பதில்லை. அதே தோசைக்குக் காலையில் ஏறுவதைவிட அப்போது சர்க்கரை அதிகமாக ஏறும். எட்டு மணிக்கே டிபன் கேரியரைக் கடைக்கு வரவழைத்துவிடுங்கள். பத்து நிமிடம் கல்லாவை நம்பிக்கையான ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். வீடு திரும்பியதும் பசித்தால் ஒரு டம்ளர் மோர்.

சோற்றை விட வேண்டாம், இடத்தைச் சுருக்குங்கள். தட்டில் பாதி பொரியல், கீரை. கால்வாசி பருப்பு, சுண்டல், முட்டை, மீன் இவற்றில் ஏதாவது. மிச்சக் கால்வாசிதான் சோறு. காயை முதலில் சாப்பிட்டு, சோற்றைக் கடைசிக்கு வைத்தாலே சர்க்கரை நிதானமாக ஏறும். வரகரிசியும் மாவுச்சத்துதான், அதையும் குவித்துப் போட்டால் பலனில்லை. உப்பு நாளைக்கு ஐந்து கிராமுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்தி.

ஜிம் தேவையில்லை. மூன்று வேளையும் சாப்பிட்டவுடன் பத்துப் பத்து நிமிடம் நடந்தால் வாரத்துக்கு 210 நிமிடம் ஆகிறது. வேண்டியது 150 நிமிடம்தான். நடக்கும்போது கால் தசைகள் ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை நேரடியாக இழுத்துக்கொள்ளும். கடை வாசலுக்கும் தெருமுனைக்குமாகக் கொஞ்சம் வேகமாக நடங்கள், கடையும் கண்பார்வையில் இருக்கும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து, உளுந்தோ துவரையோ நீங்களே அள்ளிக் கட்டிக் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் கடைப் பையனை ஏவாதீர்கள்.

தூக்கம் ஏழு மணி நேரம் வேண்டும். படுக்கையில் போன் பார்க்கும் நேரத்தை அதற்குக் கொடுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். ஞாயிறு மதியத்தோடு கடையைச் சாத்த முடியுமா? அரைநாள் வியாபாரம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். என் அப்பாவும் கடைக்காரர். எங்களோடு உட்கார்ந்து அவர் மதியச் சாப்பாடு சாப்பிட ஆரம்பித்தது பக்கவாதம் வந்து வீட்டோடு இருந்த பிறகுதான். அப்போது அவருக்கு 52 வயது. நாங்கள் சொல்வதெல்லாம் புரியும், பதில் சொல்லத்தான் நாக்கு எழாது.

பக்கத்திலுள்ள மருத்துவரிடம் ரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி எடுங்கள். ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைத்தான் அது காட்டுகிறது; அவற்றின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் அதற்கு முன்னால் எடுத்தால் மாற்றம் சரியாகத் தெரியாது. உங்களை வற்புறுத்தி அனுப்பிய மனைவி, தான் பரிசோதனை செய்துகொண்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த முறை லேபுக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.