இணைப்பு நிலை வழிப்படுத்தலும் இடைமுக வகைகளும்

மாணவர்களே, பள்ளிவாசல்துறையிலிருந்து கொழும்பு செல்பவர் "பாலாவிச் சந்தியில் திரும்பு" என்று பிறர் சொன்னதை மட்டும் நம்பிப் போகலாம். வீதி வரைபடம் முழுவதையும் கையில் வைத்துக்கொண்டும் போகலாம். இரண்டாவதே இணைப்பு நிலை வழிப்படுத்தல். ரவுட்டர் எனப்படும் ஒவ்வொரு வழிப்படுத்தியும் தன் இணைப்புகளின் விபரத்தை மற்றவற்றுக்கு அறிவிக்கும். எல்லாவற்றிடமும் ஒரே வரைபடம் சேர்ந்ததும், டைக்ஸ்ட்ரா 1959 இல் வெளியிட்ட முறைப்படி செலவு குறைந்த பாதையை ஒவ்வொன்றும் தானே கணிக்கும். ஆர்ப்பாநெற் வலையமைப்பு 1979 இல் இம்முறைக்கு மாறியது. இன்று பெரிதும் பயன்படுவது ஓ.எஸ்.பி.எப். என்னும் நடப்பொழுங்கு.

இந்நடப்பொழுங்கு எல்லா இடைமுகத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. எதிர்முனையில் எத்தனை பேர் உள்ளனர், ஒரே பொதியை எல்லோருக்கும் அனுப்ப முடியுமா என்பவற்றைப் பொறுத்து அது மாறும்.

ஒரு வடத்தின் இரு முனைகளில் இரண்டு வழிப்படுத்திகள் மட்டும் இருப்பின் அது முனைக்கு முனை இணைப்பு. அங்கே தலைவர் தேவையில்லை.

ஈதர்நெற் ஆளியில் பல வழிப்படுத்திகள் இருப்பின் அது ஒலிபரப்பு வகை. 5 வழிப்படுத்திகளும் ஒன்றோடொன்று தகவல் பரிமாறினால் 5 × 4 ÷ 2 = 10 உறவுகள்; கண்ணி இடத்தியலில் நீங்கள் கற்ற அதே கணக்கு. இந்த நெரிசலைத் தவிர்க்க ஒரு தலைவரும் ஓர் உபதலைவரும் தெரிவாகும். முன்னுரிமை எண் கூடியது தலைவர். அது சமமாயின் அடையாள எண் பெரியது. ஏனைய 3 உம் இவ்விருவருடன் மட்டுமே முழு உறவு கொள்ளும்: 3 × 2 + 1 = 7. அந்த மூன்றும் தமக்குள் "இருவழி" நிலையில் நிற்பது பழுதன்று. பலர் இதைப் பிழை என எழுதிவிடுகின்றனர். பின்னர் முன்னுரிமை கூடிய ஒன்று வந்து சேர்ந்தாலும் இருக்கும் தலைவர் பதவி இழக்காது என்பதையும் கவனிக்க. நம்மூர்ச் சங்கங்களில் இப்படி நடக்குமா தெரியாது!

பிரேம் ரிலே போன்ற பழைய வலையமைப்புகளில் பலர் இருந்தும் ஒலிபரப்பு இல்லை. ஆகவே அயலவரின் முகவரியை நாமே கொடுக்க வேண்டும். சிஸ்கோ கருவிகளில், நாம் மாற்றாவிடின், முந்திய இரு வகைகளிலும் 10 செக்கனுக்கு ஒரு ஹலோ பொதி செல்லும். 40 செக்கன் மௌனமெனில் அயலவர் இல்லையெனக் கொள்ளப்படும். இவ்வகையில் அவை 30, 120. இந்நேரங்கள் இரு முனையிலும் ஒத்திராவிடின் உறவு உருவாகாது.

வினா: ஓர் ஆளியில் 10 வழிப்படுத்திகள் உள்ளன. முழு உறவுகள் எத்தனை?
விடை: 8 × 2 + 1 = 17. தலைவர் இல்லையெனில் 45.