ஒரே கார், இரண்டு விலை

கேள்வி: புதுச்சேரியில் கார் விலை தமிழ்நாட்டைவிடக் குறைவாக இருப்பது ஏன்?
- வாசகர், குருவிநத்தம்

பதில்: காரின் விலையில் மூன்று பகுதிகள் உண்டு: நிறுவனத்தின் விலை, ஜி.எஸ்.டி., சாலை வரி. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாயும், ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிஸான் தொடங்கிய ஆலையும் கார்களைத் தயாரித்து வருகின்றன. ஆலைகள் தமிழ்நாட்டில் இருந்தாலும் நிறுவனத்தின் விலையில் தமிழ்நாட்டுக்காரருக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. ஜி.எஸ்.டி.யும் நாடு முழுக்க ஒன்றே. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு அது 18 சதவீதம்.

வேறுபாடு சாலை வரியில்தான். அதை விதிப்பது அந்தந்த அரசு. தமிழ்நாடு அதைக் காரின் விலையில் இத்தனை சதவீதம் என வாங்குகிறது. விலை ஏற ஏற விகிதமும் ஏறும். புதுச்சேரியில் வரி மிகக் குறைவு. சிறிய காரில் மிச்சம் பல ஆயிரங்கள் என்றால், சொகுசுக் காரில் பல லட்சங்கள். கடற்கரைச் சாலையைத் தவிர புதுவையில் எதையும் பார்த்திராத சிலர் புதுச்சேரியின் ‘பி.ஒய்.’ பதிவெண்ணோடு ஓட்டியது அதனால்தான். போலி முகவரியில் பதிவான இத்தகைய கார்கள் 2017-இல் கேரளத்தில் வழக்குகளாயின.

புதுவைவாசி தன் காரில் கடலூருக்கோ சென்னைக்கோ போய்வரத் தடையில்லை. ஆனால் காரை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவுப்படி அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அந்த மாநிலத்தின் வரியும் உண்டு.