எந்தச் சிக்கலுக்கு எந்தக் கவுன்சலிங்?

அமராவதி நகரிலிருந்து உடுமலைக்கு 20 கிலோமீட்டருக்கும் மேல். அங்கிருந்து திருப்பூரோ கோவையோ போய் ஒரு கவுன்சலரைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அன்றைய சம்பளம் போய்விடும். பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கும் நூற்பாலையில் ஷிப்ட் மாறி மாறி நிற்கிற பெண்ணுக்கும் ஒரு நாள் சம்பளம் என்பது வீட்டுச் செலவில் உடனே தெரியும் ஓட்டை. உளவியல் பாடப்புத்தகங்கள் ஃபிராய்டில் தொடங்கிப் பத்துப் பதினைந்து சிகிச்சை முறைகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நிறைகுறை எழுதி முடித்துவிடும். அதைப் படித்தவர் தேர்வு எழுதலாம். யாரிடம் போவது என்று அவருக்குத் தெரியாது. இந்தப் பக்கத்து மக்களுக்கு உதவக்கூடிய கேள்வி வேறு: இந்தச் சிக்கல் எதனால் ஓயாமல் நீடிக்கிறது? அந்தக் காரணத்தைத் தொடுகிற முறை எது? அப்படி இரண்டு முறைகள் இருந்தால், குறைந்த நாட்களில், பக்கத்திலேயே கிடைப்பது எது? இந்த வரிசையில் கேட்டால் தேர்வு எளிதாகிவிடும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில், கவுன்சலிங்கைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு நிற்கக் கூடாத நேரங்களைச் சொல்லிவிட வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறது, யாரோ பேசுவதுபோலக் காதில் குரல் கேட்கிறது, பல நாட்களாகத் தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் பேசிக்கொண்டே இருக்கிறார் என்றால் மருத்துவரிடம்தான் முதலில் போக வேண்டும். பல வருடம் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம். அதையும் மருத்துவர் பார்வையில்தான் செய்ய வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் எண்ணான 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார் என்பதை அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் கேட்டு வைத்துக்கொள்வதும் நல்லது. மாத்திரையும் கவுன்சலிங்கும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. கடுமையான மனச்சோர்வில் இரண்டும் சேர்ந்தே பெரும்பாலும் தேவைப்படும்.

இனி முறைகளுக்கு வருவோம். எல்லாவற்றுக்கும் மூத்தது ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வு. இது நம் நாட்டுக்குப் புதிதில்லை. கிரீந்திரசேகர் போஸ் 1922-லேயே கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார். இன்றைய துன்பத்தின் வேர் சிறுவயது உறவுகளிலும், நாமே அறியாமல் அடக்கி வைத்த ஆசை, பயங்களிலும் இருக்கிறது; அது வெளிச்சத்துக்கு வந்தால் பிடி தளரும் என்பது இதன் அடிப்படை. மூல வடிவத்தில் வாரம் பல முறை, வருடக்கணக்கில் போக வேண்டும். இப்போது சில மாதங்களில் முடியும் சுருக்கமான வடிவங்களும் உண்டு. ஆள் மாறினாலும், வேலை மாறினாலும், ஒரே மாதிரியான உறவுச் சிக்கலில் திரும்பத் திரும்ப விழுகிறவருக்கு இந்த வழி பொருந்தலாம். போன மாதம் தொடங்கிய பயத்துக்கோ, வேலை போனதால் வந்த சோர்வுக்கோ இதிலிருந்து தொடங்குவது வீண் செலவு.

அமெரிக்கரான கார்ல் ரோஜர்ஸ் இதற்கு எதிர்த் திசையில் போனார். கேட்பவரின் புரிதல், நிபந்தனையற்ற மரியாதை, போலித்தனம் இல்லாத நேர்மை ஆகியவை இருந்தால் மனிதர் தன் வழியைத் தானே கண்டுகொள்வார் என்று 1957-ல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். நம் ஊர்க் கவுன்சலிங் படிப்புகளில் முதலில் சொல்லித்தரப்படுவதும் பெரும்பாலும் இதுதான். இழவு விழுந்த வீட்டுத் துக்கம், திருமண முடிவு, படிப்பைத் தொடர்வதா வேலைக்குப் போவதா என்ற குழப்பம் போன்றவற்றில் அறிவுரை சொல்லாமல் கேட்கிற ஒருவரே போதும். ஆனால் கதவைப் பூட்டினோமா என்று நாற்பது முறை போய்ப் பார்க்கிற ஓசிடிக்காரரிடம் எவ்வளவு கனிவாகக் காது கொடுத்தாலும் நாற்பது முப்பதாகக் குறைவது அபூர்வம். அங்கே சிக்கலை நீட்டிப்பது அந்தச் சரிபார்ப்பேதான்.

அந்த இடத்தில்தான் நடத்தைச் சிகிச்சை வருகிறது. பயந்ததை விட்டு ஒதுங்க ஒதுங்கப் பயம் வளரும். படிப்படியாக எதிர்கொண்டால் குறையும். மனநல மருத்துவர் ஜோசஃப் வோல்ப் தென்னாப்பிரிக்காவில் இந்த வழியில் செய்த வேலையை 1958-ல் நூலாக்கினார். விக்டர் மேயர் 1966-ல் ஓசிடி நோயாளிகளை அவர்கள் அஞ்சிய பொருளைத் தொடவைத்து, பிறகு கழுவவிடாமல் தடுத்து முன்னேற்றம் கண்டார். ஓசிடிக்கு இன்றும் முதலில் பரிந்துரைக்கப்படும் பேச்சுச் சிகிச்சை இந்த வழியில் வந்ததுதான். உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்று அதிலிருந்து விலகிய ஆரன் பெக், 1960-களில் இதோடு எண்ணங்களையும் சேர்த்தார். சிபிடி என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் ஒரு பெண்ணின் நோட்டில் அது இப்படி இருக்கும். நடந்தது: சூப்பர்வைசர் பீஸைத் திருப்பி எறிந்தார். வந்த எண்ணம்: ‘நான் எதுக்கும் லாயக்கில்ல, இன்னைக்கோ நாளைக்கோ நிறுத்திருவாங்க.’ அந்த எண்ணத்தை எவ்வளவு நம்பினேன்: நூற்றுக்குத் தொண்ணூறு. ஆதாரம்: இன்று மூன்று பீஸில் தையல் பிழையைக் கவனிக்காமல் விட்டேன். எதிர் ஆதாரம்: மூன்று வருடமாக இதே லைனில் வைத்திருக்கிறார்கள், இன்று எல்லோருக்கும் திட்டு விழுந்தது. இப்போது எவ்வளவு நம்புகிறேன்: நாற்பது. தொண்ணூறிலிருந்து நாற்பதுக்கு வந்ததும் அன்றிரவுத் தூக்கம் கொஞ்சம் திரும்பும். பதற்றம், திடீர் பீதி, தூக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவற்றில் இதற்குக் குவிந்த ஆதாரம் அதிகம். வீட்டுப்பாடம் செய்ய மனம் வேண்டும் என்பதுதான் இதன் விலை.

எழுதப் பிடிக்காதவருக்கும் எண்ணங்களைப் பிரித்துப் பார்க்கத் தெம்பில்லாதவருக்கும் இன்னும் எளிய வழி உண்டு. சிபிடியைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதித்த நீல் ஜேக்கப்சன் குழு, மனச்சோர்வில் செயல்களைத் திட்டமிட்டுக் கூட்டும் பகுதி மட்டுமே முழுச் சிகிச்சையளவுக்குப் பலன் தருவதாக 1996-ல் காட்டியது. இதைச் செயலூக்கச் சிகிச்சை எனலாம். நம் நாட்டில் இதற்குக் கிடைத்த முக்கியமான சான்று கோவாவில் இருக்கிறது. விக்ரம் படேலும் அவர் குழுவினரும் ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கு வந்த, கடுமையான மனச்சோர்வுடைய 495 பேரிடம் இதைச் சோதித்தார்கள். சிகிச்சை தந்தவர்கள் மனநலத் துறையில் முன்பயிற்சி இல்லாத உள்ளூர்க்காரர்கள். அமர்வுகள் ஆறிலிருந்து எட்டு. மூன்று மாதம் கழித்து வழக்கமான கவனிப்போடு இதையும் பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 விழுக்காடு. நம் பக்கத்துக்குப் பொருத்திப் பார்த்தால், நைட் ஷிப்ட் முடிந்து வந்து நாளெல்லாம் படுத்தே கிடக்கிற ஒருவருக்கு முதல் வாரத் திட்டம் இவ்வளவுதான்: மாலை ஐந்துக்கு எழுந்து குளிப்பது, பேச்சு விட்டுப்போன அக்காவுக்கு ஒரு போன், ஞாயிறன்று சந்தைக்கு நடந்தே போவது. மனசு சரியானால் செய்யலாம் என்று காத்திராமல், செய்யச் செய்ய மனசு சரியாகட்டும் என்று விடுவது.

உறவில் தொடங்கிய சோர்வுக்கு உறவுநிலைச் சிகிச்சை என்று ஒன்று உண்டு. சாவு, சண்டை, இடம்பெயர்வு போன்ற வாழ்க்கை மாற்றம், தனிமை ஆகிய நான்கில் எது சோர்வுக்கு வழிவிட்டது என்று கண்டு அதிலேயே வேலை செய்வார்கள். ஊர் விட்டு வந்து ஹாஸ்டலில் தங்கி மில்லில் நிற்கும் பெண்களுக்கும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து பனியன் கம்பெனிகளில் வேலை செய்பவர்களுக்கும் இது குழுவாகவே தரத்தக்கது. உகாண்டா கிராமங்களில் நடந்து 2003-ல் வெளியான ஆய்வில், வாரம் ஒருமுறை கூடிய குழுக்களில் முடிவில் 6.5 விழுக்காட்டினரிடம் மட்டுமே கடும் மனச்சோர்வு எஞ்சியிருந்தது. சிகிச்சை பெறாத கிராமங்களில் 54.7. குடிக்கு வேறு கருவி வேண்டும், ஏனென்றால் குடிப்பவரில் பலர் விருப்பத்தோடு வருவதில்லை. வில்லியம் மில்லர் 1983-ல் முன்வைத்த ஊக்க உரையாடலில் கவுன்சலர் வாதாட மாட்டார். மாற வேண்டிய காரணத்தை வந்தவர் வாயாலேயே வரவழைப்பார். ‘குடிய நிறுத்தறது உங்களுக்கு எவ்வளவு முக்கியமுங்ண்ணா? பத்துக்கு எத்தன மார்க் போடுவீங்க?’ ‘ஒரு மூணு போடலாமுங்க.’ ‘ஏனுங்ண்ணா மூணு? ஒண்ணு போட்டிருக்கலாமில்லீங்க?’ ‘பொண்ணு பத்தாவது படிக்குதுங்க. சம்பளம் வாங்கிட்டு வர்ற சனிக்கெழம ராத்திரி என்னயப் பாத்தாலே உள்ள போயிருதுங்க.’ ஏன் பத்து போடவில்லை என்று கேட்டிருந்தால் குடிப்பதற்கான நியாயங்கள்தான் வந்திருக்கும். இந்தப் பாணியை அடிப்படையாக வைத்துக் கோவாவில் குடிக்கும் ஆண்களிடம் நடந்த ஆய்வில் கிடைத்த பலன் மனச்சோர்வு ஆய்வைவிடச் சிறியது. மீட்சி 26-லிருந்து 36 விழுக்காடு. குடியில் அதிசயம் எதிர்பார்க்கக் கூடாது. சறுக்கினால் மறுபடி போக வேண்டும்.

இந்த வரிசைக்கு மூன்று மறுப்புகள் எழும். முதலாவது, எல்லா முறையும் ஒன்றுதான், கவுன்சலர் நல்லவராக இருந்தால் போதும் என்பது. இது வெறும் பேச்சில்லை. சால் ரோசன்ஸ்வைக் 1936-லேயே இதைச் சொன்னார், பிற்கால ஒப்பீட்டாய்வுகள் பலவும் முறைகளுக்கிடையே சராசரி வேறுபாடு சிறிது என்றே காட்டின. கவுன்சலருக்கும் வந்தவருக்கும் இடையிலான நம்பிக்கை பலனைத் தீர்மானிப்பதில் குறிப்பிடத்தக்க பங்கு வகிப்பதும் உண்மை. ஆனால் சராசரி என்பது பல சிக்கல்களைக் கலந்து எடுத்த கணக்கு. ஓசிடியிலும் குறிப்பிட்ட பொருள்களைப் பற்றிய பயத்திலும் எதிர்கொள்ளவைக்கும் முறை தெளிவாக முன்னால் நிற்கிறது. மனச்சோர்வில் முறைகள் சமம் என்றே வைத்துக்கொண்டாலும், எட்டு அமர்வும் எண்பது அமர்வும் ஒரே பலன் தருமென்றால் தினக்கூலிக்காரர் எட்டைத்தான் எடுப்பார். சமம் என்ற வாதம் இந்த வழிகாட்டியை வலுப்படுத்தவே செய்கிறது.

இரண்டாவது மறுப்பு கூர்மையானது. ஒன்றரை ஷிப்ட் வேலை, தாமதமாகும் கூலி, சூப்பர்வைசரின் பாலியல் சீண்டல் என்று காரணம் வெளியே இருக்கும்போது எண்ணத்தைத் திருத்தச் சொல்வது தொழிலாளியைப் பழக்கி வைக்கும் வேலைதானே? சில கவுன்சலிங் அப்படித்தான் ஆகிவிடுகிறது. அதனால்தான் ‘எதனால் நீடிக்கிறது’ என்பது முதல் கேள்வியாகிறது. பாலியல் தொந்தரவுதான் காரணம் என்றால் அதற்குரிய இடம் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் இருக்க வேண்டிய உள்ளகப் புகார்க் குழு. மிகைநேர வேலைக்குச் சட்டம் சொல்வது இரட்டைக் கூலி. நல்ல கவுன்சலர் தொந்தரவுக்கு ஆளான பெண்ணின் பயத்தைப் பிழையான எண்ணம் என்று எழுதமாட்டார். புகார் எழுதவும் துணை தேடவும் தெம்பு தருவார். கம்பெனி ஏற்பாடு செய்த கவுன்சலராக இருந்தால், சொல்வது மேனேஜருக்குப் போகுமா என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும். சிகிச்சை விவரங்களை ரகசியமாகக் காப்பதை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் உரிமையாக்கியிருக்கிறது.

மூன்றாவது, இவையெல்லாம் தனிமனிதரை மையமாக வைத்த மேற்கத்திய சரக்கு, நம்மிடம் குடும்பமும் கோயிலும் இருக்கின்றன என்பது. இதில் பாதி சரி. வேலூர் சிஎம்சி மனநல மையத்தில் நோயாளியோடு உறவினரும் தங்கும் வழக்கம் அரை நூற்றாண்டுக்கு மேல் பழையது. மனநல மருத்துவர் நேக்கி 1973-ல் குரு-சீடன் உறவையே சிகிச்சை உறவுக்கு மாதிரியாக முன்வைத்தார். தமிழ்நாட்டுக் கிராமக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரைப் பார்த்த ஆய்வு, 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களுக்கு நோய்க்குறிகள் 20 விழுக்காட்டுக்கு அருகில் குறைந்திருந்தன. ஒப்பிட வேறு குழு இல்லாத சிறிய ஆய்வு அது. இருந்தாலும் பரிவான இடத்தின் பலனை ஒதுக்க முடியாது. மறுபாதியை ஏர்வாடி தர்காவை ஒட்டியிருந்த மனநலக் காப்பகம் காட்டியது: 2001 ஆகஸ்டில் அங்கே சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். கோயிலுக்குப் போவதற்கும் சிகிச்சைக்கும் மோதல் இல்லை. கட்டிவைப்பதும் மாத்திரையை நிறுத்தச் சொல்வதும் நடந்தால் அந்த இடத்தை விட்டு வந்துவிட வேண்டும். முறை மேற்கிலிருந்து வந்ததா என்பதைவிட, மாமியாரையோ கணவரையோ ஓர் அமர்வுக்கு அழைத்துவர இடம் தருகிறதா என்று பார்ப்பது பயன் தரும்.

முடிவில் ஆளைத் தேர்வு செய்ய வேண்டும். மனநல மருத்துவர் மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றிருப்பார். ‘கவுன்சலர்’ என்ற பெயர்ப்பலகையை மட்டும் வைத்துத் தகுதியை எடைபோட முடியாது. படிப்பையும், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறார் என்பதையும் கேட்கலாம். பிறகு: என் சிக்கல் எதனால் நீடிக்கிறது என்று நினைக்கிறீர்கள்? அதற்கு என்ன செய்யப் போகிறோம்? எத்தனை அமர்வு? இடையில் போனில் பேசலாமா? முன்னேற்றத்தை எதை வைத்துப் பார்ப்போம்? இவற்றுக்கு எளிய தமிழில் பதில் சொல்லத் தெரிந்தவரிடம் தொடங்கலாம். ஐந்தாறு அமர்வுக்குப் பிறகு தூக்கம், பசி, வேலைக்குப் போகும் நாட்கள் எதிலும் அசைவில்லை என்றால் அதை அவரிடமே சொல்லி முறையை மாற்றக் கேட்க வேண்டும். அதற்கு முகம் சுளித்தால் ஆளை மாற்ற வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவருக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு.