யூரியா எந்தப் பக்கம்?

வயலுக்குப் போடும் யூரியா கரிமச் சேர்மமா, கனிமச் சேர்மமா என்று கேட்டுப் பாருங்கள். ஆலையிலிருந்து மூட்டையாக வரும் ரசாயன உரம்தானே, கனிமம் என்று பலரும் சொல்லிவிடுவார்கள். அது கரிமச் சேர்மம். இந்தத் தடுமாற்றத்தின் வேரில் சில பழைய நம்பிக்கைகள் இருக்கின்றன.

நம்பிக்கை: உயிர்களிடமிருந்து வருவது கரிமம், மற்றதெல்லாம் கனிமம்.

உண்மை: 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய வேதியியலாளர்களே இப்படித்தான் எண்ணினார்கள். கரிமப் பொருள்களை ஆக்க உடலுக்குள் இயங்கும் ஓர் 'உயிர்விசை' வேண்டும் என்றார் ஸ்வீடனின் பெர்சிலியஸ். அவரிடம் பயின்ற பிரெடரிக் வோலர், 1828இல் பெர்லினில் அம்மோனியம் சயனேட் தயாரிக்க முயன்றார். கிடைத்த வெள்ளைப் படிகங்களில் சயனேட்டின் குணமே இல்லை. சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கும் யூரியாவோடு அவை அப்படியே ஒத்துப்போயின. அம்மோனியம் சயனேட்டிலும் யூரியாவிலும் அதே அணுக்கள், அதே எண்ணிக்கை. அவை பிணைந்திருக்கும் விதம்தான் வேறு. சிறுநீரகத்தின் துணையில்லாமலே யூரியா ஆக்க முடிகிறது என்று வோலர் தம் ஆசிரியருக்கு எழுதினார். வேதியியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த கடிதம் அது. உயிர்விசைக் கொள்கை அன்றைக்கே விழுந்துவிட்டதாகச் சொல்வது மிகை. 1845இல் வேதியியலாளர் கோல்பே, கார்பன் டைசல்பைடில் தொடங்கிப் படிப்படியாக அசிட்டிக் அமிலம் வரை வந்தார். இப்படிப் பல சோதனைகள் சேர்ந்துதான் அதைச் சாய்த்தன.

எதிர்த்திசையிலும் பாருங்கள். கிளிஞ்சலையும் முட்டையோட்டையும் உயிர்களே உருவாக்குகின்றன. ஆனால் அவற்றில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், அதாவது கனிமச் சேர்மம்.

நம்பிக்கை: கார்பன் இருந்தாலே கரிமம்.

உண்மை: இல்லை. கார்பன் டைஆக்சைடு, கார்பனேட்டுகள், எளிய சயனைடுகள், கால்சியம் கார்பைடு ஆகியவை கனிமப் பக்கம்தான்.

நம்பிக்கை: கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு இல்லையென்றால் அது கரிமம் அல்ல.

உண்மை: இன்று அதிகம் பரவியிருக்கும் தவறு இதுதான். முதல் ஊகத்துக்கு இந்த விதி உதவும், தீர்ப்புக்கு உதவாது. யூரியாவிலேயே அந்தப் பிணைப்பு கிடையாது. அதன் ஹைட்ரஜன் அணுக்கள் நான்கும் நைட்ரஜனோடுதான் பிணைந்திருக்கின்றன. ஆக்சாலிக் அமிலத்திலும் கார்பன் டெட்ராகுளோரைடிலும்கூட அது இல்லை. சேர்மத்தின் உறவினர்கள் யார் என்று பார்ப்பதே நம்பகமான வழி. யூரியா அமைடு குடும்பம், ஆக்சாலிக் அமிலம் கார்பாக்சிலிக் அமிலக் குடும்பம். கார்பன் டெட்ராகுளோரைடோ, மீத்தேனின் நான்கு ஹைட்ரஜன்களும் இருந்த இடத்தில் குளோரின் அமர்ந்தது. எல்லைக்கோடு வேதியியலாளர்கள் வசதிக்காக வகுத்துக்கொண்டது என்பதையும் மாணவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

நம்பிக்கை: கரிமச் சேர்மம் தீங்கற்றது, இயற்கை விவசாயத்துக்கு உரியது.

உண்மை: 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம் தடைவிதித்த எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லி ஒரு கரிமச் சேர்மம். நாம் தினமும் உண்ணும் உப்பு கனிமம். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்த போர்டோ கலவை முழுக்க முழுக்கக் கனிமம். ஆனாலும் பூஞ்சை நோய்களுக்கு அதைத் தெளிக்கப் பல நாடுகளின் இயற்கை வேளாண் விதிகள் கட்டுப்பாடுகளோடு இடம் தருகின்றன. கரிமச் சேர்மமான யூரியா உரத்துக்கு அங்கே இடமில்லை.