ஜப்பானில் விருந்துக்கு அழைத்தால்: நெய்வேலிப் பிள்ளைகளுக்குச் சில குறிப்புகள்

நெய்வேலி நகரியத்தில் கல்யாணப் பத்திரிகை வைக்க வருபவரிடம் “கண்டிப்பா வந்துடறோம்” என்று சொல்லாத வீடு கிடையாது. கடைசியில் போக முடியாவிட்டாலும் பந்தி நடந்துவிடும். ஆனால் ஜப்பானில் ‘வருகிறேன்’ என்றால் உங்கள் பெயரில் ஓர் இருக்கையும் ஒரு சாப்பாடும் ஒதுக்கிவிடுவார்கள். அங்கே படிக்கவும் வேலைக்கும் போகிறவர்கள் இதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியவை

• முதலில் நன்றி, பிறகு சம்மதம்: “ஓசசோய் அரிகாதோ கொசாய்மஸ்” (அழைத்ததற்கு நன்றி).

• மேலதிகாரி வீட்டுக்கு அழைத்தால், “யொரொகொந்தெ உககாய்மஸ்” (மகிழ்ச்சியோடு வருகிறேன்). அலுவலக விருந்து என்றால், “ஜெஹி சங்கா சசெதெ குதசாய்” (அவசியம் கலந்துகொள்கிறேன்).

• சைவமா? ஒப்புக்கொள்ளும்போதே சொல்லிவிடுங்கள்: “நிகு தோ சகானா வா தாபெராரெமாசென்” (கறியும் மீனும் சாப்பிட முடியாது). காய்கறி மட்டும் தெரியும் சூப்பிலும் பெரும்பாலும் மீன் வேகவைத்த சாறு இருக்கும்.

• வீட்டுக்குள் நுழையும்போது “ஓஜாமா ஷிமஸ்” (தொந்தரவு தருகிறேன், மன்னியுங்கள்). கையில் சிறு இனிப்புப் பெட்டி. சாப்பிட்டு முடித்ததும் “கொச்சிசோசாமா தெஷிதா” (விருந்துக்கு நன்றி).

• மறுநாள் பார்த்ததும் மீண்டும் நன்றி: “கினோ வா அரிகாதோ கொசாய்மாஷிதா”. இதை விட்டால் விருந்தளித்தவர் மனம் வாடும்.

• கல்யாண அழைப்போடு பதில் அட்டை வந்தால், குறித்த தேதிக்குள் அனுப்பிவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

• “இகெதாரா இகிமஸ்” (முடிந்தால் வருகிறேன்) என்று சொல்லாதீர்கள். வர மனமில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

• “கெக்கோ தெஸ்” என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். ‘வேண்டாம்’ என்று பொருள்பட்டுவிடும்.

• பெரியவர்களிடம் “ர்யோகாய் தெஸ்” (சரி, புரிந்தது) வேண்டாம். அது சக தோழர்களுக்கானது. “ஷோச்சி ஷிமாஷிதா” என்பதே மரியாதை.

• எல்லோரும் சேர்ந்து “கன்பாய்” (கோப்பை உயர்த்திச் சொல்லும் வாழ்த்து) சொல்லும்முன் கோப்பையில் வாய் வைக்காதீர்கள். மது அருந்தாதவர்கள் ஊலாங் தேநீர் கேட்கலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

• கல்யாண மொய்யில் 4, 9 வரும் தொகை ஆகாது. அவற்றின் ஒலி சாவையும் துன்பத்தையும் நினைவூட்டும். நண்பர் கல்யாணத்துக்கு 30,000 யென், புது நோட்டாக வைப்பது வழக்கம்.

• சம்மதித்துவிட்டுச் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். வர முடியாதென்றால் தெரிந்த உடனே தெரிவியுங்கள்.

சென்னையில் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு எழுதத் தயாராகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தத் தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது. ஆகவே இந்த வரிகளை இன்றிலிருந்தே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.