சேற்றுக்குள் கிடக்கும் பழைய மழைக்கணக்கு

மழை பிந்தினால் கொழுந்து குறையும், வேலைநாளும் குறையும். “முன்ன இப்படியா மழை பெஞ்சது?” என்று லயத்தில் பெரியவர்கள் கேட்பார்கள். 24,000 வருடத்துக்கு முன் எப்படிப் பெய்தது என்று கேட்டாலும் இப்போது பதில் உண்டு.

பூசணிப் பூவைத் தொட்டால் விரலில் மஞ்சள் தூள் ஒட்டுமே, அதுதான் மகரந்தம். காற்றில் பறந்து எங்கெங்கோ விழும். சாதாரண மண்ணில் உக்கிப்போகும். எப்போதும் நீர் ஊறிய சதுப்பில் காற்றுப் படாமல் அமிழ்ந்தாலோ, அதன் மேல்தோல் பல்லாயிரம் வருடம் கெடாது.

நமது ஹோட்டன் சமவெளியில் அப்படிச் சதுப்பு உண்டு. ரத்னசிறி பிரேமதிலக்க என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவரும் அங்கே ஆழத் துளைத்துச் சேறு எடுத்தார்கள். கான் வெட்டும்போது மண் அடுக்கடுக்காகத் தெரியுமல்லவா? அடியில் உள்ளது பழையது, மேலே உள்ளது புதியது. மண்ணை அமிலத்தில் கரைத்து, மிஞ்சும் தூளை நுணுக்குக்காட்டியில் வைத்து ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். புல்லின் தூள் உருண்டை, அதில் ஒரே துளை. மரத்துக்கு மரம் வடிவம் வேறு. பொறுமையான வேலைதான், கொழுந்து எடுப்பதைவிடக் கஷ்டம் என்று மட்டும் சொல்லமாட்டோம்!

2003இல் முடிவு வெளிவந்தது. அடிச்சேறு வறண்ட காலத்தைக் காட்டியது. உலகம் பனியுகத்தில் இருந்தபோது தென்மேல் பருவமழை தளர்ந்து, மலையில் புல்வெளி பரந்திருந்தது. சுமார் 18,000 வருடத்துக்கு முன்பிருந்து மழை வலுத்தது. அதுவும் ஒரே சீராக அல்ல, கூடியும் குறைந்தும்தான்.

மகாவலி, களனி, வளவை ஆறுகளுக்கு அந்த மலையிலிருந்தே நீர் வருகிறது. காய்ந்த புல்லுக்கு யாராவது தீ வைத்தால் கீழுள்ள சதுப்பும் புகைந்து எரியும். சுற்றுலா போகும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி அனுப்புங்கள்.