டிஸ்க் லாக் மட்டும் போதுமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் பைக்கை நிறுத்திவிட்டு பஸ்ஸில் பொள்ளாச்சிக்கு வேலைக்குப் போகிறேன். டிஸ்க் லாக் வாங்கலாமா?
– வாசகர், பாலக்காடு மாவட்டம்

பதில்: கட்டாயம் வாங்குங்கள். ஹேண்டில் லாக்கைத் திருடர்கள் முறுக்கியே உடைத்துவிடுவார்கள்.

கடைக்கு வண்டியோடு போய்ப் போட்டுப் பாருங்கள். சிறிய பைக்குகளின் டிஸ்க் துளையில் 10 மி.மீ. தண்டு பெரும்பாலும் நுழையாது, 6 மி.மீ. அளவு தேவைப்படலாம். ஏபிஎஸ் வளையத்தில் மாட்டிவிடாதீர்கள். காலிப்பரை ஒட்டிப் பூட்டினால் சக்கரம் உருள இடமே இருக்காது. பூட்டிலிருந்து ஹேண்டிலுக்கு நினைவூட்டும் கேபிள் அவசியம். பூட்டை மறந்து கிளப்பினால் நீங்கள் விழுவீர்கள், டிஸ்க்கும் வளையும்.

ஆனால், வண்டியைத் தூக்கி வேனில் ஏற்றுவதை இந்தப் பூட்டு தடுக்காது. உங்கள் வண்டி பகல் முழுக்க ஆளில்லாமல் நிற்கிறது. அதனால் கம்பத்தோடு தடித்த சங்கிலியும் போடுங்கள். இன்ஷூரன்ஸையும் பாருங்கள்: தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால், வண்டி களவுபோனால் ஒரு ரூபாயும் வராது.